90 வெப்பநிலைக் கோப்புகளைப் படிக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் நான்காவது கோப்பிலேயே நின்றுவிடுகிறது

கேள்வி

வணக்கம். இந்தியாவின் கோடை வெப்பத்தைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காக ஈரா5 தரவை (பழைய வானிலையை உலகம் முழுவதற்கும் மணிவாரியாக மீட்டுக் கணித்த ஐரோப்பியத் தரவுத்தொகுப்பு) பயன்படுத்தி வருகிறேன். 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகளின் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கு, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்துக் காற்றின் வெப்பநிலை மணிவாரியாக எங்கள் ஆய்வகத்தின் வன்தட்டில் இருக்கிறது. மாதத்திற்கு ஒரு நெட்சிடிஎஃப் (வானிலைத் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்பு என்ற கணக்கில் மொத்தம் 90 கோப்புகள். பல ஆண்டுகளுக்கு முன்பு உலகம் முழுமைக்கும் சேர்த்து இறக்கி வைத்தவை என்பதால் ஒவ்வொரு கோப்பும் ஏறத்தாழ 1.5 ஜிபி அளவு இருக்கிறது. எனக்குத் தேவைப்படுபவையோ பலோடி, சுரு, பாந்தா, நாக்பூர், திட்லாகட், வேலூர் ஆகிய ஆறு ஊர்களுக்கு அருகிலுள்ள ஆறு கட்டப்புள்ளிகள் (சீரான இடைவெளியில் தரவு கணிக்கப்பட்ட இடங்கள்) மட்டுமே.

ஸ்கிரிப்ட் எளிமையானதுதான். ஒரு லூப்பில் கோப்பைத் திறக்கிறேன். வெப்பநிலை மாறியை முழுவதுமாக ஒரு நம்பை (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) அணியாக, அதாவது நினைவகத்தில் இருக்கும் எண் அட்டவணையாகப் படிக்கிறேன். அதிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் உரிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்து அந்த ஊரின் நேரத்தொடரை எடுத்து ஒரு பட்டியலில் சேர்க்கிறேன். அந்த மாதத்திற்கு ஒரு வரைபடம் வரைந்து சேமிக்கிறேன். பிறகு கோப்பை மூடிவிட்டு, பெரிய அணியை டெல் கட்டளையால் நீக்கிவிடுகிறேன். கெல்வினிலிருந்து செல்சியசுக்கு மாற்றும் வேலையை 90 கோப்புகளும் முடிந்த பிறகு ஒரே முறையாகச் செய்துகொள்ளலாம் என்று கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

என் கணினியில் 32 ஜிபி நினைவகம் உள்ளது, இயங்குதளம் லினக்ஸ். மூன்று கோப்புகள் ஒழுங்காக முடிகின்றன. நான்காவதில் திரையில் கில்ட் (கொல்லப்பட்டது) என்ற ஒற்றைச் சொல் வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. பைத்தானின் பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. வெளியேறும் குறியீடு 137 என்று காட்டுகிறது. லூப்பின் முடிவில், பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பானை அழைத்துப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. ஒரு மாதத்திலிருந்து நான் வைத்துக்கொள்வது ஊருக்கு ஏறத்தாழ 720 எண்கள்தான் என்பதால், நினைவகம் எங்கே போகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். என் மூத்த மாணவர் ஒருவர் எழுதிய பழைய ஸ்கிரிப்ட் இதே கோப்புகளை இதே கணினியில் தடையின்றி முடிக்கிறது. அவரும் முழு மாறியையும் படிக்கிறார். நான் பார்த்த வரையில் ஒரே வேறுபாடு, ஆறு ஊர்களின் எண்களையும் அவர் இரண்டு பட்டியல்களாகக் கொடுத்து ஒரே வரியில் எடுக்கிறார். நான் ஊர் ஊராக எடுக்கிறேன். இது காரணமாக இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. தயவுசெய்து உதவுங்கள்.

முதல் மறுமொழி

குறியீடு 137 என்பது 128 உடன் 9 சேர்ந்தது. 9 என்பது செயல்முறையைக் கட்டாயமாக நிறுத்தும் சமிக்ஞையின் எண். அதாவது உங்கள் ஸ்கிரிப்ட் தானாக நிற்கவில்லை. நினைவகம் தீர்ந்துபோனதால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதை நிறுத்தியிருக்கிறது. கர்னலின் பதிவைப் பார்த்தால் நினைவகம் தீர்ந்த செய்தியும், நிறுத்தப்பட்ட செயல்முறையின் பெயரும் இருக்கும். பைத்தான் பிழைச் செய்தி வராததற்கும் காரணம் உண்டு. லினக்ஸ் இயல்பாக, கையில் இருப்பதைவிடக் கூடுதலாகவே நினைவகம் தருவதாக ஒப்புக்கொள்ளும். அந்தப் பக்கங்களில் தரவு எழுதப்படும்போதுதான் உண்மையான இடத்தை ஒதுக்கும். ஆகவே கேட்கும்போது மறுப்பு வருவதில்லை; பயன்படுத்தும்போது செயல்முறை நிறுத்தப்படுகிறது.

கோப்பின் அளவை வைத்து நினைவகத் தேவையைக் கணக்கிடாதீர்கள். ஈரா5 கட்டமைப்பு 0.25 டிகிரி இடைவெளி கொண்டது. 721 அட்சரேகைகள், 1440 தீர்க்கரேகைகள் என்று மொத்தம் 10,38,240 புள்ளிகள். ஏப்ரலுக்கு 720 மணிநேரம் என்றால் ஏறத்தாழ 74.75 கோடி எண்கள். உங்கள் பழைய கோப்புகளில் ஒவ்வோர் எண்ணும் 2 பைட் முழு எண்ணாகச் சுருக்கி வைக்கப்பட்டிருப்பதால் கோப்பு 1.5 ஜிபி ஆகிறது. நூலகம் அதைப் படிக்கும்போது அளவுக்காரணியால் பெருக்கி, ஈடுமதிப்பைக் கூட்டி, 8 பைட் தசம எண்ணாக மாற்றித் தருகிறது. ஆகவே நினைவகத்தில் ஒரு மாதம் ஏறத்தாழ 6 ஜிபி. மாற்றும் வேளையில் இடைக்கணக்குக்கு அதற்கு மேலும் தேவைப்படும்.

இனி அளந்து பாருங்கள். பிஎஸ்யூட்டில் நூலகத்தைக் கொண்டு, செயல்முறை உண்மையில் பிடித்திருக்கும் நினைவகத்தை ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு முறை அச்சிடுங்கள்: மாறியைப் படித்தவுடன் ஒரு முறை, டெல் செய்த பிறகு ஒரு முறை. ரம்பப் பல்லைப்போல் ஏறி இறங்கினால் உச்சத் தேவைதான் சிக்கல். படிக்கட்டைப்போல் ஏறிக்கொண்டே போனால் எதையோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தாங்கள் சொன்னபடி அளந்தேன். படிக்கட்டுதான். டெல் செய்த பிறகு முதல் கோப்பில் 6.1, இரண்டாவதில் 12.1, மூன்றாவதில் 18.1 ஜிபி. ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 6 ஜிபி. நினைவக ஒதுக்கீட்டைத் தடமறியும் கருவியான ட்ரேஸ்மாலாக்கையும் இயக்கிப் பார்த்தேன். அது மாறியைப் படிக்கும் வரியைத்தான் காட்டுகிறது. அந்த வரியில் உருவான அணியைத்தானே நான் நீக்குகிறேன்?

இரண்டாம் மறுமொழி

நீங்கள் நீக்குவது பெயரை மட்டுமே. அணி அங்கேயே இருக்கிறது. டெல் கட்டளை ஒரு பெயருக்கும் ஒரு பொருளுக்கும் இடையிலுள்ள தொடர்பை அறுக்கும்; அந்தப் பொருளை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்றால்தான் பைத்தான் அதன் நினைவகத்தை விடுவிக்கும். உங்கள் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு மாதத்தின் பெரிய அணியையும் ஆறு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் நீங்கள் சேர்த்த ஆறு சிறிய நேரத்தொடர்கள்தான் அவர்கள்.

நம்பையில் ஒரு அணியிலிருந்து தனி எண்களையோ இடைவெளி வரம்பையோ கொடுத்து ஒரு பகுதியை எடுத்தால், அந்தப் பகுதி புதிதாகப் படியெடுக்கப்படுவதில்லை. பெரிய அணியின் நினைவகத்திற்குள் எங்கிருந்து தொடங்க வேண்டும், எத்தனை பைட் தாண்டித் தாண்டிப் போக வேண்டும் என்ற குறிப்பை மட்டும் வைத்திருக்கும் ஒரு பார்வை உருவாகிறது. பெரிய வீட்டின் சுவரில் உள்ள சாளரத்தைப்போல. சாளரம் வேண்டுமென்றால் சுவர் நிற்க வேண்டும், சுவர் நிற்க வீடு நிற்க வேண்டும். வேலூரின் 720 எண்கள் 5,760 பைட்தான். ஆனால் அவை 6 ஜிபி அணிக்குள் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடப்பதால், அந்த 5,760 பைட்டைக் காப்பாற்ற முழு அணியும் காப்பாற்றப்படுகிறது.

உங்கள் மூத்த மாணவரின் ஸ்கிரிப்ட் பிழைத்ததற்கும் இதுவே விடை. அணியில் எண்களின் பட்டியலைக் கொடுத்து எடுத்தால், அந்த எண்கள் எந்த ஒழுங்கிலும் இருக்கலாம் என்பதால் நம்பை அதைப் பார்வையாகச் சொல்ல முடியாது. எப்போதும் புதிய நகலைத்தான் தரும். அவர் இதை அறிந்து செய்தாரா என்று தெரியாது, ஆனால் அந்த ஒரு வரி அவரைக் காப்பாற்றியிருக்கிறது. நீங்கள் நம்பாமல் ஒதுக்கிய வேறுபாட்டைக் கேள்வியில் எழுதியது நல்லதாகப் போயிற்று. செல்சியசுக்கு மாற்றுவதை நீங்கள் லூப்புக்குள்ளேயே ஒவ்வோர் ஊருக்கும் செய்திருந்தாலும் இந்தச் சிக்கல் தோன்றியிருக்காது, 273.15 ஐக் கழிக்கும்போது புதிய சிறிய அணி பிறந்துவிடும், பழைய பார்வை மறைந்துவிடும்.

குப்பை சேகரிப்பான் உதவாததிலும் வியப்பில்லை. ஒன்றையொன்று சுற்றிப் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து எவரும் எட்ட முடியாத பொருள்களைக் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. உங்கள் அணிகளைப் பட்டியல் வழியாக எட்ட முடிகிறது. ஆகவே அவை குப்பை அல்ல. ட்ரேஸ்மாலாக்கும் தவறு சொல்லவில்லை. நினைவகம் எந்த வரியில் ஒதுக்கப்பட்டது என்பதைத்தான் அது சொல்லும். இப்போது யார் பிடித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு படிக்கும் வரியையே மணிக்கணக்கில் உற்றுப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

உறுதிப்படுத்திக்கொள்ள, பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு நேரத்தொடரின் பேஸ் என்ற பண்பை (அது யாருடைய நினைவகத்தைப் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டுவது) அச்சிடுங்கள். நகலாக இருந்தால் நன் (எதுவும் இல்லை) என்று வரும். பார்வையாக இருந்தால் மற்றோர் அணி வரும். நெட்சிடிஎஃப் நூலகம் தருவது முகமூடி அணி (விடுபட்ட மதிப்புகளைக் குறித்துவைக்கும் அணி) என்பதால் முதல் பேஸ் மற்றொரு சிறிய பார்வையாக இருக்கக்கூடும். அதைக் கண்டு ஏமாந்துவிடாமல், பேஸின் பேஸ் என்று நன் வரும்வரை சங்கிலியைப் பின்தொடர்ந்து, கடைசி அணியின் என்பைட்ஸ் மதிப்பை, அதாவது மொத்த பைட் அளவைப் பாருங்கள்.

திருத்தம் ஒரே சொல்தான். பட்டியலில் சேர்க்கும் இடத்தில் நேரத்தொடரின் காப்பி முறையை அழைத்து, நகலைச் சேருங்கள்.

கேள்வி கேட்டவர்

சங்கிலியின் கடைசியில் வந்த எண் 5,98,02,62,400. சாளரத்தின் பின்னால் நின்ற வீட்டையே கண்டுவிட்டேன். காப்பியைச் சேர்த்த பிறகு படிக்கட்டு மறைந்து ரம்பப் பல் வந்துவிட்டது. ஆயினும் ஒவ்வொரு கோப்பிலும் உச்சம் 13 ஜிபியைத் தாண்டுகிறது. 16 ஜிபி மட்டுமே உள்ள மடிக்கணினியில் மற்ற வேலைகளோடு இதை ஓட்ட முடியாது. தவிர, பற்களுக்கு இடையிலான அடித்தளமும் கோப்புக்குக் கோப்பு சில எம்பி மெல்ல உயர்கிறது.

மூன்றாம் மறுமொழி

உச்சத்தைக் குறைக்க வேண்டுமென்றால், உலகம் முழுவதையும் படித்துவிட்டு ஆறு புள்ளிகளைப் பொறுக்குவதை விட்டுவிடுங்கள். நெட்சிடிஎஃப் நூலகத்தில் மாறி என்பது கோப்பிலேயே இருக்கும் தரவுக்கான ஒரு கைப்பிடி. அடைப்புக்குறிக்குள் எந்த வரம்பைக் கேட்கிறீர்களோ அது மட்டும்தான் நினைவகத்திற்கு வரும். முதலில் முழு வரம்பையும் கேட்டு அணியாக்கிவிட்டுப் பிறகு ஊரைத் தேடுவதால்தான் 6 ஜிபி செலவாகிறது. மாறியிடமே நேரடியாக ஊரின் எண்களைக் கேட்டால் 720 எண்கள்தான் வரும்.

அப்படிச் செய்யும்போது ஓர் இடத்தில் கவனம் தேவை. மூத்த மாணவரின் இரு பட்டியல் வழியை அப்படியே மாறியின் மீது பயன்படுத்திவிடாதீர்கள். நம்பை அணியில் இரு பட்டியல்கள் சோடி சோடியாகச் சேர்ந்து ஆறு புள்ளிகளைத் தரும்; நெட்சிடிஎஃப் மாறியிலோ ஒவ்வொரு பட்டியலும் தனித்தனி அச்சாகக் கொள்ளப்பட்டு, ஆறு அட்சரேகைகளும் ஆறு தீர்க்கரேகைகளும் வெட்டும் 36 புள்ளிகள் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. எண்கள் மட்டும் தவறாக இருக்கும். ஆய்வில் இது நினைவகச் சிக்கலைவிடக் கொடியது.

வேகத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் கோப்பில் தரவு மணிநேரத்தை முதல் அச்சாகக் கொண்டு அடுக்கப்பட்டிருக்கும். ஒரு மணிநேரத்தின் உலகப் படம் 20,76,480 பைட். ஓர் ஊரின் நேரத்தொடரைப் படிக்க, அத்தனை பைட்டைத் தாண்டித் தாண்டி 720 இடங்களில் இரண்டிரண்டு பைட்டாக எடுக்க வேண்டும். திடநிலைத் தட்டில் இது பொருட்டே அல்ல. சுழலும் வன்தட்டில் ஆறு ஊர்களுக்கும் ஆறு முறை அலைவது உணரும்படி இருக்கும். அங்கே நான் செய்வது, இந்தியாவை உள்ளடக்கும் செவ்வகத்தை ஒரே முறையில் எடுத்துக்கொள்வது. வடக்கு 6 முதல் 38 டிகிரி வரை, கிழக்கு 68 முதல் 98 டிகிரி வரை எடுத்தால் 129 பெருக்கல் 121, அதாவது 15,609 புள்ளிகள். ஏப்ரலுக்கு 8 பைட் கணக்கில் ஏறத்தாழ 90 எம்பி. அதிலிருந்து ஊர்களைப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் இங்கும் காப்பி வேண்டும். இல்லாவிட்டால் 90 கோப்புகளின் செவ்வகங்களும் சேர்ந்து 8 ஜிபி உங்கள் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும். ஈரா5 இல் அட்சரேகை வடதுருவத்தில் தொடங்கித் தெற்கு நோக்கிப் போகிறது என்பதையும் மறவாதீர்கள். 38 இன் எண் 6 இன் எண்ணைவிடச் சிறியது.

புதிதாக இறக்கப்படும் கோப்புகள் சுருக்கப்பட்ட நெட்சிடிஎஃப்-4 வடிவில் துண்டு துண்டாக வைக்கப்பட்டிருக்கலாம். அவற்றில் ஒரு புள்ளியைக் கேட்டாலும் அது அமைந்துள்ள துண்டு முழுவதையும் விரித்தாக வேண்டும். என்சிடம்ப் கருவியால் கோப்பின் தலைப்பையும் மறைவான பண்புகளையும் அச்சிட்டுத் துண்டின் வடிவத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக இறக்குவதானால் கோப்பர்நிக்கஸ் தரவுத் தளத்திலேயே பரப்பெல்லையைக் கொடுத்து இந்தியாவுக்கு மட்டும் இறக்கலாம். இப்போது கையில் இருப்பவற்றுக்காக அதைச் செய்ய வேண்டியதில்லை.

8 பைட் எண்களும் உங்களுக்குத் தேவையில்லை. உலக வெப்பநிலையின் ஒரு மாத வீச்சை 2 பைட்டில் அடக்கும்போது ஒரு படியின் அளவு ஏறத்தாழ 0.002 டிகிரி; 300 கெல்வின் அருகே 4 பைட் தசம எண்ணின் நுணுக்கம் அதைவிடப் பல மடங்கு மேலானது. ஆனால் இடம் மிச்சம் பிடிப்பதாக எண்ணி, தானியங்கி அளவுமாற்றத்தை நிறுத்திவிட்டு மூல முழு எண்களை மாதம் மாதமாக ஒட்டிவிடாதீர்கள். அளவுக்காரணியும் ஈடுமதிப்பும் கோப்புக்குக் கோப்பு மாறும். ஏப்ரலில் ஒரு முழு எண் குறிக்கும் வெப்பநிலையும் மே மாதத்தில் அதே எண் குறிக்கும் வெப்பநிலையும் வேறு.

நான்காம் மறுமொழி

அடித்தளம் மெல்ல உயர்வதற்கு உங்கள் வரைபடங்கள்தான் காரணம் என்று எண்ணுகிறேன். வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் வழியாக உருவாக்கும் ஒவ்வொரு படத்தையும் அது தன் பதிவேட்டில் வைத்துக்கொள்ளும்; கோப்பாகச் சேமித்ததாலோ, அதே பெயருக்கு அடுத்த படத்தைக் கொடுத்ததாலோ அது விடுபடாது. 20 படங்களைத் தாண்டியவுடன் ஓர் எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். பதிவில் தேடிப் பாருங்கள். சேமித்த உடனே குளோஸ் கட்டளைக்கு அந்தப் படத்தையே கொடுத்து மூடுங்கள்.

இடமாற்று நினைவகத்தை (நினைவகம் போதாதபோது பயன்படும் தட்டு இடம்) கூட்டிக்கொண்டால் போதும் என்று உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். பார்வையால் வந்த படிக்கட்டுக்கு அது தீர்வாகாது. நான்காவது கோப்பில் நின்றது எட்டாவதிலோ பத்தாவதிலோ நிற்கும், அதுவரை கணினி ஊர்ந்துகொண்டிருக்கும்.

சி மொழியில் எழுதப்பட்ட நூலகம் ஒன்று உள்ளே கசிகிறது, அதைத் திருத்துவது நம் கையில் இல்லை என்ற நிலையில் மட்டும், ஒவ்வொரு கோப்பையும் தனிச் செயல்முறையில் ஓட்டலாம். செயல்முறை முடியும்போது அது பிடித்திருந்த எல்லாவற்றையும் இயங்குதளம் திரும்ப எடுத்துக்கொள்ளும். மல்டிபிராசசிங் தொகுப்பில் ஒரு பணியாளுக்கு ஒரு வேலை என்ற வரம்பை வைக்க வழி இருக்கிறது. அப்போது பணியாள்களின் எண்ணிக்கையைச் செயலியின் கருக்களைப் பார்த்து முடிவு செய்யாமல் நினைவகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒருவருக்கு 13 ஜிபி என்றால் 32 ஜிபி கணினியில் இருவருக்கு மேல் இடமில்லை.

ஒவ்வொரு மாதத்தின் முடிவையும் கடைசிவரை பட்டியலில் சேர்த்து வைக்காமல் உடனே தட்டில் எழுதிவிடுங்கள் என்றும் வேண்டுகிறேன். தற்காலிகப் பெயரில் எழுதி, எழுதி முடித்த பிறகு உரிய பெயருக்கு மாற்றுங்கள். மின்சாரம் போனாலும், மீண்டும் தொடங்கும்போது உரிய பெயர் உள்ள மாதங்களைத் தாண்டிப் போகலாம். பாதி எழுதப்பட்ட கோப்பை முழுமையானது என்று நம்பும் ஆபத்தும் இல்லை.

கேள்வி கேட்டவர்

எல்லாவற்றையும் செய்து முடித்தேன். 20 படங்களுக்கான எச்சரிக்கை பழைய ஸ்கிரிப்டின் பதிவில் உண்மையிலேயே இருந்தது. நாங்கள் அனைவரும் அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறோம். இந்தியச் செவ்வகத்தை மட்டும் படிக்கும் ஸ்கிரிப்ட் மடிக்கணினியிலேயே 90 கோப்புகளையும் முடித்தது. மூத்த மாணவரின் முடிவுகளோடு ஆறு ஊர்களையும் ஒப்பிட்டேன். ஒவ்வோர் எண்ணும் பொருந்துகிறது. ஒரே ஓர் ஐயம் மிச்சம். முதல் கோப்பு முடிந்த பிறகு நினைவகம் தொடக்க அளவுக்குத் திரும்பாமல் சற்று மேலேயே நிற்கிறது. பிறகு கடைசிவரை அங்கேயே இருக்கிறது. இதையும் தேட வேண்டுமா?

இரண்டாம் மறுமொழி அளித்தவர்

வேண்டியதில்லை. பெரிய அணிகளின் நினைவகம் விடுவிக்கப்பட்டவுடன் இயங்குதளத்திற்கே திரும்பிவிடும். சிறிய பொருள்களுக்காக வாங்கிய இடத்தைப் பைத்தானும் அதன் கீழுள்ள சி நூலகமும் அடுத்த தேவைக்காகத் தம்மிடமே வைத்துக்கொள்வதுண்டு. முதல் கோப்பின்போது ஏற்றப்படும் நூலகங்களும் அப்படியே தங்கும். கோப்புகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து வளர்ந்தால்தான் அது கசிவு. உங்கள் கோடு 2 ஆவது கோப்பிலும் 90 ஆவது கோப்பிலும் ஒரே உயரத்தில் இருக்கிறது. பலோடியின் தொடரை மட்டும் மீண்டும் ஒரு முறை வரைபடத்தில் பாருங்கள். 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி பதிவானது. கட்டப்புள்ளியின் சராசரி நிலையத்தின் உச்சத்தை எட்டாது என்றாலும், அந்த நாளின் பிற்பகலில் ஒரு மேடு தெரிய வேண்டும். நேரம் உலகப் பொது நேரத்தில் இருப்பதால் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டிக்கொண்டு பாருங்கள்.